கம்ப்யூட்டர் கோர்ஸா? சான்றிதழ் யார் தர்றாங்கன்னு கேளுங்க

எங்க ஆம்பூர் பக்கம் பிளஸ் டூ முடிச்ச பிள்ளை ஷூ கம்பெனிக்குப் போக வேணாம், ஆபீஸ் வேலைக்குப் போகட்டும்னு கடன் வாங்கி கம்ப்யூட்டர் சென்டர்ல கட்டுறாங்க. ஏ.சி. ரூமையும் 'வேலை உறுதி' போர்டையும் நம்பினா போதாது.

அரசு டைப்பிஸ்ட் வேலைக்குக் கேட்கிறது தொழில்நுட்பக் கல்வித் துறையின் சி.ஓ.ஏ. சான்றிதழ். சென்டர் பயிற்சி தரலாம். தேர்வு நடத்துறது அந்தத் துறை. பத்தாவது பாஸானா ஐ.டி.ஐ.யில 'கோபா' ஒரு வருஷம் படிக்கலாம். மத்திய அரசு அங்கீகரிச்ச சான்றிதழ். அரசு ஐ.டி.ஐ.னா செலவும் கம்மி.

விதை மூட்டையில நீல அட்டை இருக்கான்னு பார்த்துத்தானே வாங்குறோம்? படிப்புக்கும் அதே கணக்குதான். நகரத்துல இருக்கிற நீங்க, ஊர்ல சொந்தக்காரப் பிள்ளை பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதை போன்ல சொல்லிடுங்க.