மடை திறந்த நாவு

ஹிப் ஹொப் இசையை வெறுங் கூச்சலென ஒதுக்கியவர்களுள் நானும் ஒருவன். 2006இல் மலேசியத் தமிழர் யோகி பி, நட்சத்திரா குழுவினருடன் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு 'வல்லவன்'. 'நிழல்கள்' (1980) படத்திற்கு இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாடலை அதிற் புதுக்கிப் பாடினர். தமிழகமும் வரவேற்றது, மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது.

அதே 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடுண்டது. வன்னியிலிருந்த நான் அப்பாடலைக் கேட்டது போர் ஓய்ந்த பின்னரே. வகுப்பில் வெண்பாவுக்கு வாய் திறவாத மாணவனொருவன், எதுகை பிறழாது அதனை ஒப்புவித்தான்! அவன் வெறுத்தது யாப்பையன்று. நான் கற்பித்த முறையையே. மறுநாள் அவனிடம் திருப்புகழைக் கொடுத்தேன். சந்தம் பிடிபட அவனுக்கு ஒரு நாழிகையும் ஆகவில்லை. ஒதுக்குமுன் ஒருமுறை செவிகொடுத்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அழகு.