நின்றுபோன எஞ்சினுக்கு யார் பொறுப்பு?

இலக்கியம் பேசும் இடத்தில் கார்ப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். பொறுத்தருள்க. ஆலங்குளத்தில், பட்டாசுத் தொழில் சூழ்ந்த ஊர்களின் நடுவே வாழும் நமக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. அதைச் சொல்ல இப்பந்தயமே தக்க உதாரணமாக வாய்த்தது.

2013 அக்டோபர் 27, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் இந்திய கிராண்ட் பிரீ நடந்தது. 2011 முதல் நம் நாட்டில் நடந்த மூன்று ஃபார்முலா ஒன் பந்தயங்களில் அது மூன்றாவது. ரெட் புல் அணியின் செபாஸ்டியன் வெட்டல் வென்று நான்காம் முறையாக உலகச் சாம்பியன் ஆனார். ரசிகர்கள் முன் காரை வட்டமிட்டுச் சுழற்றி, இறங்கி, அதன் முன் மண்டியிட்டு வணங்கினார். அதே அணியின், அதே ரெனோ எஞ்சின் பூட்டிய மற்றொரு கார் முடிவை எட்டாமலே நின்றுவிட்டது. அதை ஓட்டியவர் மார்க் வெப்பர். பழுதானது ஆல்டர்னேட்டர்.

எஞ்சினின் சுழற்சியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் சிறு கருவி அது. அது ஓய்ந்தால் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை, கணினியும் இயங்காது. சரவெடியில் திரி ஓரிடத்தில் அறுந்தால், எஞ்சிய வெடிகள் குறையற்றவையாயினும் வெடிக்காமல் கிடப்பதை இப்பக்கத்தார் அறிவர்.

இப்பழுது புதியதன்று. 2012 ஜூனில் வாலென்சியாவில் முதலிடத்தில் ஓடிய வெட்டலின் காரையும், ரெனோ எஞ்சின் பூட்டிய லோட்டஸ் அணியில் ஓட்டிய கிரோஜானின் காரையும் ஒரே பந்தயத்தில் அது நிறுத்தியது. செப்டம்பரில் மான்சாவில் மீண்டும் வெட்டலை நிறுத்தியது. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஆல்டர்னேட்டரை ரெனோ செய்யவில்லை. மாக்னெட்டி மாரெல்லி என்ற இத்தாலிய நிறுவனத்திடம் வாங்கியது. ஆயினும் உலகம் ரெனோவைத்தான் கேட்டது. ரெனோவும் பழுது இன்னதென்று வெளிப்படச் சொல்லி, மாற்று வழி தேடியது. முழுதும் தீரவில்லை என்பதற்கு நொய்டாவே சாட்சி. ஆனால் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை.

2014இல் டர்போவும் மின்மோட்டாரும் சேர்ந்த புதுவகை எஞ்சின்கள் வந்தபோது ரெனோவின் நிலை இன்னும் மோசமாயிற்று. ஹெரெத் நகரில் நடந்த முதல் சோதனை ஓட்டத்தில் ரெட் புல் நான்கு நாட்களில் ஓடியது வெறும் 21 சுற்று. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் பெற்றுத் தந்த எஞ்சின் பழிக்கு ஆளானது. 2016 முதல் 2018 வரை ரெட் புல் காரில் ரெனோ எஞ்சின் ஒரு கடிகார நிறுவனத்தின் பெயரில் ஓடியது. ஹோண்டாவோ 2015 முதல் மூன்றாண்டுகள் மெக்லாரன் அணியில் உலகறிய அவமானப்பட்டது, அணியே விலகியது, ஆனாலும் களத்தை விடவில்லை. 2021இல் வெர்ஸ்டாப்பன் உலகச் சாம்பியனானது ஹோண்டா எஞ்சினில்தான். ரெனோ 2025 பருவத்தோடு ஃபார்முலா ஒன் எஞ்சின் செய்வதையே நிறுத்திக்கொண்டது.

விலகுவதும் நிலைப்பதும் அவரவர் கணக்கு. நாம் மெச்சுவது அதற்கு முந்தைய ஒன்றை: உள்ளிருக்கும் சிறு பாகம் யார் செய்ததாயினும், மேலே பெயர் எழுதியவர் பதில் சொல்ல வேண்டும் என்ற முறையை.

நம் பக்கத்தில் நிலை என்ன? 2021 பிப்ரவரி 12 அன்று வெம்பக்கோட்டை வட்டத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்த செய்தி பின்னர் வெளிவந்தது. உள்குத்தகை என்ற சொல் இங்கே ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பின்னும் அடிபடுகிறது. சில வாரங்களில் மறைந்துபோகிறது. உரிமம் பெற்றவர் குத்தகைக்காரரைக் காட்டுவார். குத்தகைக்காரர் மருந்து கலந்த தொழிலாளியைக் காட்டுவார். அத்தொழிலாளியோ பல நேரம் உயிரோடு இருப்பதில்லை.

பந்தயத்தில் கோடிகள் புரள்கின்றன, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். பொறுப்பேற்கக் கோடிகள் வேண்டியதில்லை. அங்கே கேள்வி எழுவது பார்க்கும் கண்கள் இருப்பதால். நின்றுபோன ஒரு காருக்காக உலகம் கேட்கிறது. அங்கே இழப்பு சில புள்ளிகள். இங்கே போவது உயிர். தீபாவளிக்குப் பெட்டி வாங்கும்போது விலையைக் கேட்கும் நாம், மேலட்டையில் உள்ள பெயருக்கு உரியவர்தாம் இதைச் செய்தாரா என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா? அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.