வெள்ளை அங்கிக்கு முன்

மலேசியத் தமிழர் இல்லங்களில் ஒரு பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால், அந்த இல்லம் அன்றே திருமண வீடாகிவிடுகின்றது. உற்றாரும் ஊராரும் வந்து வாழ்த்துகின்றனர். கோயிலில் அர்ச்சனை நடைபெறுகின்றது. இவற்றைக் குறை கூறுவார் எவருமிலர். மூன்று தலைமுறையாகப் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்த குடும்பம் தன் பிள்ளை மருத்துவனாவதைக் கண்டு மகிழாமல் வேறு எதைக் கண்டு மகிழும்? ஆனால் அந்த மகிழ்ச்சியின் வேகத்தில் அடுத்துத் தொடங்கும் கடையேறும் படலந்தான் கண்டிக்கத் தக்கது.

தாயின் சங்கிலி அடகுக்கடைக்குச் செல்கின்றது. விலையுயர்ந்த மடிக்கணினி, அதற்குத் துணையாக ஒரு கைக்கணினி, தலையணை தலையணையாக ஆங்கில நூல்கள், இரத்த அழுத்தமானி, அறுவைக் கருவிப் பெட்டி, நெகிழியாலான மண்டையோடு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுத்தில் மாலைபோல் தொங்க ஒரு ஸ்டெதஸ்கோப்பு! அதன் குழலில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்னும் பட்டமும் பொறிக்கப்படுகின்றது. ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு நாள் வகுப்பும் இன்னும் நடந்திருக்கவில்லை. 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டமோ முறையாகப் பதிவு பெற்றவரையே மருத்துவராக ஏற்கின்றது. பிள்ளை பொய்யோடு படிப்பைத் தொடங்க வேண்டுமா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருவி காணாமற் போகாதிருக்கப் பெயர் பொறிப்பது அறிவுடைமை. பெறாத பட்டத்தைப் பொறிப்பது வீண் பெருமை.

முதலில் ஸ்டெதஸ்கோப்பையே எடுத்துக்கொள்வோர், அது பிறந்த கதையை அறிந்திருத்தல் நலம். 1816இல் பாரிசு நகரில் லென்னக் என்னும் மருத்துவர், ஒரு பெண் நோயாளியின் மார்பில் நேரே செவியை வைக்கத் தயங்கித் தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியே இதயத்தின் ஒலியைக் கேட்டார். பின்னரே அது மரக்குழலாயிற்று. மருத்துவ உலகத்தையே மாற்றிய அக்கருவியின் முதல் வடிவத்துக்கு ஆன செலவு தாளின் விலைதான்! கேட்கும் செவியும், கேட்டதைப் பகுத்துணரும் அறிவும் அவருக்கிருந்தன. ஆகவே தாளும் கருவியாயிற்று. இன்று லிட்மன் போன்ற பெயர்பெற்ற வகைகளில் மாணவர்க்கும் பொது மருத்துவர்க்கும் ஏற்ற எளிய கருவி சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றது. இதயநோய் வல்லுநரை எண்ணிச் செய்யப்பட்டதோ ஏறத்தாழ இருமடங்கு விலையுடையது. இயல்பான இதய ஒலி எது என்றே இன்னும் அறியாத செவிக்கு, நுண்ணிய மாறுபாடுகளைக் காட்டும் கருவி எதற்கு? மேலும், பெரும்பாலான கல்லூரிகளில் முதலிரண்டு ஆண்டுகள் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் முதலிய அடிப்படைப் பாடங்களிலேயே பெரிதும் கழிகின்றன. அக்காலத்தில் செய்முறைப் பயிற்சிக்கு எளிய கருவியே போதும். நோயாளியரிடையே நடமாடும் ஆண்டு வரும்போது, தேவையறிந்து நல்லதை வாங்கலாம்.

நூல்களின் கதையும் இதுவே. கிரேயின் உடற்கூற்று நூல் 1858இல் முதலில் வெளிவந்தது. இன்று ஆயிரத்தைந்நூறு பக்கங்களையும் கடந்து நிற்கின்றது. அது நூலகத்தில் வைத்து ஐயம் நேரும்போது புரட்டுதற்குரிய பெருநூல். முதலாண்டு மாணவன் அதனை அட்டை முதல் அட்டை வரை படிப்பான் என்று எண்ணிச் சுமந்து வரும் தந்தை, பிள்ளைக்கு அறிவை வாங்கவில்லை. அலமாரிக்கு அணிகலன் வாங்குகின்றார். எந்தப் பாடத்துக்கு எந்த நூல் என்பதைக் கற்பிக்கும் பேராசிரியரும் மூத்த மாணவருமே கூற வல்லவர். அவர்கள் கூறும்வரை பணம் பையிலேயே இருக்கட்டும். வாங்கும் வேளையிலும் ஒரு வேறுபாடு காணல் வேண்டும். மனிதனின் எலும்புகள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுவதில்லை. ஆதலின் உடற்கூற்று நூலின் முந்திய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். மருந்துகளும் சிகிச்சை முறைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைப் பற்றிய பழம்பதிப்பை இலவசமாகக் கொடுத்தாலும் நம்பிப் படித்தலாகாது. இந்த வேறுபாடறியாமல் எல்லாவற்றையும் புதிதாக வாங்குவோர் பணத்தை இழக்கின்றனர். எல்லாவற்றையும் பழையதாக வாங்குவோர் நோயாளிக்குத் தீங்கிழைக்க வழிகோலுகின்றனர்.

மண்டையோட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். முற்காலத்து மருத்துவ மாணவர் பலர் உண்மையான மனித எலும்புகளையே விலைக்கு வாங்கிப் படித்தனர். உலகச் சந்தைக்குச் சென்ற அவ்வெலும்புகளிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, சிறப்பாகக் கல்கத்தாவிலிருந்து, ஏற்றுமதியானது. 1985இல் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. மாணவரின் மேசைமேல் வீற்றிருந்த அந்த மண்டையோடு, ஈமக்கடனுக்கும் வழியற்ற யாரோ ஓர் ஏழையுடையதாக இருந்திருக்கலாம். இன்று நெகிழி மாதிரிகள் உள்ளன. கல்லூரிகளின் உடற்கூற்றுத் துறைகளிலும் வேண்டிய மாதிரிகள் உள்ளன. வீட்டில் தனியாக ஒன்று வேண்டுவதில்லை. அறுவைக் கருவிப் பெட்டியும் அத்தகையதே. முன்னரே அறுத்துப் பதப்படுத்திய உறுப்புகளைக் கொண்டே பல கல்லூரிகள் இன்று கற்பிக்கின்றன. மாணவர் தம் கையால் அறுப்பதுண்டா என்று கல்லூரியைக் கேட்டறியாமல் கத்தி வாங்குவானேன்?

“என்ன இருந்தாலும் குடும்பத்தின் முதல் மருத்துவன். நல்ல கருவியை வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு ஊக்கம் பிறக்காதா? வாழ்நாள் முழுதும் உழைக்குமே! நாளை சம்பாதித்துக் கடனை அடைத்துவிட மாட்டானா?” என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தில் பாசமுண்டு, கணக்கு இல்லை. தனியார் கல்லூரியாயின் கட்டணம் மட்டுமே பல இலட்சம் வெள்ளியாகின்றது. படிப்பு ஐந்தாண்டு, அதன்மேல் பயிற்சி மருத்துவராக ஈராண்டு. அரசாங்க மருத்துவமனையில் நிரந்தரப் பணி உறுதி என்றிருந்த காலமும் மாறிவிட்டது. 2016ஆம் ஆண்டு இறுதியில் புதிய மருத்துவர்களை ஒப்பந்த முறையில் அமர்த்தும் வழக்கம் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக 2021ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடத்தைவிட்டு வெளியே வந்து நின்றதை நாடே கண்டது. இந்நிலையில், நாளைய வருவாயை நம்பி இன்றைய நகையை அடகு வைப்பது எங்ஙனம் அறிவுடைமையாகும்? ஊக்கத்தைப் பற்றிக் கூறுவதாயின், மாதக் கடைசியில் உணவுக்குப் பணமின்றி வெறும் மாவுரொட்டியைத் தின்று படிக்கும் பிள்ளையின் ஊக்கத்தை, அலமாரியில் உறங்கும் கருவி காத்துவிடுமா? கடையில் கொட்டிய அந்த ஆயிரம் வெள்ளி அவன் கையில் இருந்திருப்பின், ஒரு மாதமேனும் வயிறார உண்டு படித்திருப்பானே!

இவ்வீண் செலவுகளினும் பெரிது ஒன்றுண்டு. அது படிப்பிடத்தையே விலைக்கு வாங்குவது. முகவர் ஒருவர் வண்ணத்தாளைக் காட்டி, எங்கோ ஒரு நாட்டில் குறைந்த கட்டணத்தில் இடமுண்டு என்று கூறியதும் முன்பணம் கட்டிவிடும் குடும்பங்கள் உள்ளன. அக்கல்லூரியின் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கின்றதா என்று அவர்கள் கேட்பதில்லை. கிரைமியாவிலிருந்த ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டிருந்த ஏற்பு 2005இல் மீட்டுக்கொள்ளப்பட்டபோது எழுந்த அலறலை மூத்தோர் மறந்திருக்க மாட்டார். ஸ்டெதஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறுவோர், பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க மன்றத்தின் பட்டியலை ஒருமுறை பார்க்கலாகாதா?

அங்ஙனமாயின் எதைத்தான் வாங்குவது? பட்டியல் சிறியது. துவைத்துத் துவைத்து உடுத்தத்தக்க பருத்தி வெள்ளை அங்கி இரண்டு. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பைக் கருதி முழங்கைக்குக் கீழ் உடையும் அணியும் ஆகாதென்று 2007இல் அறிவுறுத்தப்பட்டது. ஆகவே அங்கியின் கை நீளத்தையும் கல்லூரியிடம் கேட்டுத் தைத்தல் வேண்டும். நெடுநேரம் நிற்கவும் நடக்கவும் ஏற்ற, விரல் மூடிய செருப்பணி ஒரு சோடி. நாடித் துடிப்பை எண்ணுதற்கு விநாடி முள்ளுடைய எளிய கடிகாரம். பாடக் குறிப்புகள் பலவும் கணினி வழியாகவே வருவதால், எழுதவும் படிக்கவும் போதுமான நடுத்தர மடிக்கணினி ஒன்று. அனிச்சைச் செயலைச் சோதிக்கும் சிறு சுத்தியல், இசைக்கவை, சிறு கைவிளக்கு ஆகியவற்றை, நோயாளியரைச் சோதிக்கும் ஆண்டில் நான்கைந்து மாணவர் கூடி வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

கடையில் வாங்க முடியாத ஒன்றும் உண்டு. அதனைப் பெற்றோர் இன்றே வீட்டுப் பெட்டியில் தேட வேண்டும். அது பிள்ளையின் தடுப்பூசிக் குறிப்பேடு. இரத்தத்தால் பரவும் கல்லீரல் அழற்சியின் ‘பி’ வகைக்கு எதிரான ஊசி மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்குப் போடப்பட்டு வருகின்றது. ஆயினும் காலப்போக்கில் எதிர்ப்பாற்றலின் அளவு இரத்தத்தில் குறைந்திருக்கக்கூடும். அதனைச் சோதித்தறிதல் நலம். மீண்டும் முழுமுறையாகப் போட நேர்ந்தால் மூன்று ஊசிகள். முதலுக்கும் மூன்றாவதற்கும் இடையே ஆறு மாதம் செல்லும். ஊசிமுனையும் குருதியும் சூழ்ந்த தொழிலுக்குச் செல்லும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த சீர்வரிசை எது? இதற்காக நாளொதுக்கும் குடும்பத்தை ஊரார் புகழ மாட்டார். நிழற்படமும் எடுக்க மாட்டார். ஆயினும் பிள்ளையைக் காப்பது இதுவேயாகும்.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. அதன் விலை இரண்டு வெள்ளி. அது ஒரு கோடிட்ட குறிப்பேடு. அதில் மாணவன் எழுத வேண்டியது தமிழ். மருத்துவமனையில் மலாய் மொழியும் ஆங்கிலமும் ஆள்கின்றன என்பது உண்மையே. ஆனால் தோட்டத்திலிருந்து வந்து கட்டிலில் படுத்திருக்கும் மூதாட்டி, தன் நோயைத் தமிழிலேதான் கூறுவாள். ‘நெஞ்சைக் கரிக்கிறது’ என்பாள். ‘மேல்மூச்சு வாங்குகிறது’ என்பாள். ‘கால் மதமதவென்று இருக்கிறது’ என்பாள். தலைசுற்றல் வேறு, மயக்கம் வேறு என்று அவள் அறிவாள். அறியாதவன் ஆங்கிலம் படித்த இளைஞனே. மலேசிய இனத்தவருள் நீரிழிவு இந்தியரிடையேதான் மிகுதியென்று நாட்டின் நலவாழ்வு ஆய்வுகள் தொடர்ந்து கூறிவருகின்றன. நீரிழிவால் காலின் நரம்பு கெடுவதை அறிய, விநாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையை எலும்பின்மேல் வைத்துச் சோதிக்கின்றனர். ஆனால் ‘மதமதப்பு’ என்னும் சொல்லின் பொருள் தெரியாதவனுக்கு அந்த இசைக்கவையைக் கையிலெடுக்கத் தோன்றுமா? அவன் தவறவிடுவது ஒரு சொல்லை மட்டுமன்று. ஒரு காலையே தவறவிடுகின்றான்.

தமிழில் மருத்துவமா என்று நகைப்போர்க்கு ஒரு வரலாறு விடையளிக்கும். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கடல் கடந்து வந்த அயலவர், நோயாளியின் மொழியே மருத்துவனின் முதற்கருவி என்று உணர்ந்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை அதனை உணராதிருப்பது இழுக்கன்றோ?

இங்கேதான் தமிழாசிரியரின் கடமையும் எழுகின்றது. பள்ளிகளும் சங்கங்களும் விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி, ஆளுக்கொரு ஸ்டெதஸ்கோப்பைப் பரிசளித்து ஒரே பிள்ளைக்கு மூன்று கருவி சேர விடுகின்றன. அதனினும், படிப்பை முடித்தோரிடமிருந்து நூல்களையும் கருவிகளையும் பெற்று, புதிதாகச் செல்வோர்க்கு இரவலாகக் கொடுத்து, படிப்பு முடிந்ததும் திரும்பப் பெறும் ஒரு பேழையை அமைத்தல் நன்று. எஞ்சும் நிதியை மாதந்தோறும் உணவுக்கென வழங்கலாம். உடலுறுப்புகளின் பெயரையும் நோய்க்குறிகளின் பெயரையும் பிழையற எழுதவும் பேசவும் வகுப்பறையிலேயே மாணவரைப் பழக்கலாம். இதற்கு மேடையும் மாலையும் வேண்டுவதில்லை.

நோயாளியின் நிலையையும் நோயின் தன்மையையும் காலத்தையும் ஆராய்ந்தே மருத்துவன் செயற்படல் வேண்டும் என்பது வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் காட்டிய நெறி. பொருள் வாங்கும் பெற்றோர்க்கும் அந்நெறி பொருந்தும். பிள்ளையின் தேவை என்ன, படிப்பின் படி எது, வாங்குதற்குரிய காலம் எது என்னும் மூன்றையும் ஆராயட்டும். அடகுக்கடைக்குச் செல்லவிருக்கும் தாயின் சங்கிலி அவள் கழுத்திலேயே கிடக்கட்டும். பிள்ளையின் கழுத்தில் கருவி தொங்கும் நாள் தானே வரும். அந்நாளில் அதன் மறுமுனையில் துடிக்கும் நெஞ்சுக்குரியவளின் மொழி அவனுக்குப் புரிதல் வேண்டும். அதற்கான இரண்டு வெள்ளிக் குறிப்பேட்டை இன்றே வாங்கிக் கொடுப்பீர்களாக!