நெடுந்தீவுக்கு ஒரு குளிசை

நெடுந்தீவில் மார்பகப் புற்றுநோயோடு இருக்கும் ஒரு பெண், மருந்தேற்றும் நாளில் விடியமுன் எழும்ப வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம். அதற்கும் அப்பால் தெல்லிப்பழை. சோளகம் பெயர்ந்து கடல் குழம்பினால் படகு ஓடாது. அந்தத் தவணை மருந்தும் தள்ளிப்போகும்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. கொழும்பை அடுத்த மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் அலைச்சல் பலருக்குக் குறைந்தது. தீவுக்காரருக்குக் கடல் மட்டும் அப்படியே கிடக்கிறது.

மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பக்லிடாக்சல் என்ற மருந்தை ஏன் குளிசையாக விழுங்க முடியாது? தடை குடற்சுவரில் இருக்கிறது. அங்குள்ள கலங்களில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்றொரு நுண்ணிய பம்பி உண்டு. ஓட்டை வள்ளத்தில் ஏறும் தண்ணீரை ஓயாமல் இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே நுழையும் மருந்தை அது திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. ஆகவேதான் நாளம் வழியாக ஏற்ற வேண்டியிருக்கிறது.

இந்தப் பம்பி முதலில் அகப்பட்டது குடலில் அல்ல. 1976இல் ரொறன்ரோவில் ருடால்ஃப் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் கொல்சிசின் என்ற நஞ்சுக்கு அசையாத ஹாம்ஸ்டர் எலிக் கலங்களை ஆராய்ந்தபோது அதைக் கண்டார்கள். கொல்சிசின் நம் கார்த்திகைப் பூக்கொடியின் கிழங்கிலும் இருக்கும் அதே நஞ்சுதான். அதற்குப் பழகிய கலங்கள் வேறு பல மருந்துகளுக்கும் மசியவில்லை. புற்றுநோய்க் கட்டிகள் சில, முதலில் சுருங்கிப் பிறகு எந்த மருந்துக்கும் அடங்காமல் வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தெரியவந்தது.

பம்பியை அடைத்தால் மருந்து உள்ளே தங்குமல்லவா? 1981இல் ஜப்பானியரான சுருவோ, இதய நோய்க்குக் கொடுக்கும் வெரபமில், வின்கிறிஸ்டினுக்கு அடங்காத எலி இரத்தப் புற்றுக் கலங்களை மீண்டும் அடங்க வைப்பதைக் காட்டினார். வின்கிறிஸ்டினும் நம் முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்து வந்தது. அப்போதிருந்து ஆய்வுக்கூடங்கள் ஆயிரக்கணக்கான பொருட்களைச் சலித்துப் பார்க்கின்றன. முறை எளிது. கலத்துக்குள் போனதும் பச்சையாக ஒளிரும் கல்சீன் சாயத்தை விடுவார்கள். பம்பி வேலை செய்தால் சாயம் வெளியேறிக் கலம் இருண்டிருக்கும். சேர்த்துப் பார்க்கும் பொருள் பம்பியை அடைத்தால் கலம் ஒளிரும்.

ஆய்வுத்தட்டில் ஒளிர்ந்தவை நோயாளியிடம் தோற்றன. சொசுக்விடார் என்ற அடைப்பு மருந்து, முதியவர்களின் இரத்தப் புற்றில் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2010இல் முடிவு வந்தது. அதே பம்பிதான் மூளையையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் காத்து நிற்கிறது. உடல் முழுவதும் அதை அடைத்தால் புற்றுமருந்தின் நஞ்சும் உடலில் கூடும். நோயாளியின் கட்டியில் அந்தப் பம்பி இருக்கிறதா என்று பாராமலே பல பரிசோதனைகளில் ஆட்களைச் சேர்த்ததும் பெரும் பிழை.

தோல்வியோடு இந்தத் துறையைக் கைவிடுவது தவறு. குடலோடு மட்டும் நின்று, இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும் என்செக்விடார் என்ற அடைப்பு மருந்தை பக்லிடாக்சலோடு வாயால் கொடுத்துப் பார்த்தார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளில் 402 மார்பகப் புற்றுநோயாளிகள் சேர்ந்தார்கள். கட்டி சுருங்கியது குளிசை பெற்றவர்களில் 36 வீதம், நாளத்தில் ஏற்றியவர்களில் 23 வீதம். கை கால் விறைப்பும் முடி உதிர்வும் குறைவு. ஆனால் வெண்குருதிக் கலங்கள் குறைவதால் வரும் சிக்கல்கள் குளிசைப் பக்கத்தில் கூடுதலாக இருந்தன. 2021இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்து, வேறொரு பரிசோதனை கேட்டது. 2023இல் அந்தக் குளிசையை உருவாக்கிய நிறுவனமே வங்குரோத்தாகிவிட்டது.

வசதியான நகரத்தில் இருப்பவருக்கு இந்தக் குளிசை ஒரு சௌகரியம் மட்டும்தான். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருப்பவருக்கு அது சிகிச்சை தொடருமா, இடையில் அறுந்துபோகுமா என்பதையே தீர்மானிக்கும். அப்படிப்பட்ட மருந்தை ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தோடு மூழ்கவிடக் கூடாது. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் அதைக் கையில் எடுக்க வேண்டும். அடைப்புப் பொருட்களைத் தேடும் அந்தச் சாயச் சோதனை, மருத்துவ பீடமும் சித்த மருத்துவக் கல்வியும் ஒருங்கே உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் செய்ய முடியாத வேலையும் அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மஞ்சளின் குர்க்குமினும் மிளகின் பைப்பரினும் இந்தப் பம்பியைத் தடுப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். அதை நம்பிப் புற்றுமருந்தோடு செறிந்த சாறுகளையும் தூள் குளிசைகளையும் தாமாகச் சேர்ப்பவர்கள், வேறு மருந்துகளின் அளவு இரத்தத்தில் எகிறுவதற்கு வழிவிடக் கூடும். கறியில் போடும் மஞ்சள் வேறு, இது வேறு. எதையும் வைத்தியரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும்.

குளிசை நாளைக்கே கிடைத்தாலும் தீவு அதற்குத் தயாராக இருக்க வேண்டும். வெண்குருதிக் கலம் குறைந்த ஒருவருக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால், விடியும்வரை படகுக்குக் காத்திருக்க முடியாது. நெடுந்தீவு வைத்தியசாலையிலேயே குருதிக் கலங்களை எண்ணும் கருவியும், அதை இயக்கத் தெரிந்தவரும், நோயெதிர்ப்பு குன்றியவருக்கு உடனே ஏற்ற அன்டிபயோட்டிக்கும், எந்த நேரமும் புறப்படக்கூடிய நோயாளர் படகும் வேண்டும். பம்பி ஆய்வு முடியும்வரை இவற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இன்று தெல்லிப்பழையில் மருந்தேற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கும் இதே காய்ச்சல்தான் வருகிறது.