கோடை விடுமுறையும் ஒளிப்படக் கலையும்

கோடை விடுமுறையில் ஒளிப்படக் கலை பயிற்றும் வகுப்புக்களிற் சேர விழையும் மாணவருட் சிலர், நல்ல காமிரா இல்லையே எனத் தயங்கி நிற்பதுண்டு. அத்தயக்கம் வேண்டுவதன்று என்பதே எமது துணிபு.

1842-ம் ஆண்டில் ஸர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் கண்ட நீலப்பட முறைக்குக் காமிராவே வேண்டா. இரும்பு சேர்ந்த இரண்டு உப்புக்களை நீரிற் கரைத்துக் காகிதத்திற் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஓர் இலையை வைத்து வெயிலிற் காட்டிப் பின்னர் நீரில் அலசினால், நீலப் பரப்பில் இலையின் வடிவம் வெண்மையாய் விளங்கும். ஆனா அட்கின்ஸ் அம்மையார் கடற்பாசிகளை இவ்வாறே பதித்து, 1843-ல் நூலாக வெளியிடத் தொடங்கினார்.

ஆதலின், பயிற்சியின் முதற்படி வெயிற்படமாகுக. இரண்டாவது, சுருளொன்றுக்கு 36 படங்களே கொள்ளும் பிலிமும் இருட்டறையும். டிஜிட்டல் காமிரா அவற்றின் பின்னரே வருக. முன்னிரண்டிற் பொறுமையும் தேர்ந்து நோக்கும் கண்ணும் கைவரும். அவை கைவராதார் டிஜிட்டல் கருவியால் ஆயிரம் படம் எடுப்பினும் பயன் சிறிதேயாம். மேலும், டிஜிட்டல் படத்தையே ஒளிபுகும் தாளில் எதிர்ப்படமாக அச்சிட்டு நீலப்படமாக்கலாம். பழமையும் புதுமையும் ஒன்றற்கொன்று பகையல்ல.

காமிரா இல்லாத மாணவனையும் வெயில் ஏற்றுக்கொள்கிறது. கல்லூரிகளும் அவனை ஏற்றுக்கொள்ளுமாக.