கேள்வியை எழுதுவது யார்?

அந்தப் பட்டியல் இந்த வாரமும் கண்ணில் பட்டது. எந்த எம்.பி. எத்தனை கேள்வி கேட்டார், முதலிடம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு என்று கட்டம் போட்டுக் காட்டும் பட்டியல். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதன் மேல் எனக்குள்ள எரிச்சல் பழைய சங்கதி. மக்களவையில் ஒரு நாளைக்கு, வாய்மொழியாகப் பதில் தரப்படும் நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்தில் பதில் தரப்படுபவை 230. எவை அந்த எண்ணிக்கைக்குள் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஆகவே பட்டியல் அளப்பது பாதி அதிர்ஷ்டத்தை, மீதி பெயரே வெளிவராத ஒரு பி.ஏ.வின் உழைப்பை. அந்த பி.ஏ. காலையில் ரயில்வே அவசர ஒதுக்கீட்டுக்குக் கடிதம் அடிக்கிறார், எய்ம்ஸில் படுக்கை கேட்டு வந்தவருக்குப் போன் போடுகிறார், பிரதமர் நிவாரண நிதிக்கு மனு தயாரிக்கிறார், தொகுதியிலிருந்து வந்தவர்களுக்கு அவை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்குகிறார். இத்தனைக்கும் நடுவில், 10 மணிக்குள் பூஜ்ய நேர நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். மசோதாவைப் படிக்க மிச்சமிருப்பது இரவு.

இந்த உதவியாளருக்காக அரசு தரும் பணம், 2025இல் உயர்த்திய பிறகும், மாதம் 50,000 ரூபாய். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் 18 நிரந்தர ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம். “அரசியல்வாதிக்கு எடுபிடி வைக்கவும் நம் வரிப்பணமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நாம் கொடுக்காவிட்டால் வேறு யாராவது கொடுப்பார்கள். 2005 டிசம்பரில், காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். 2023 டிசம்பரில் மஹுவா மொய்த்ரா மக்களவையிலிருந்து நீக்கப்பட்ட விவகாரமும் கேள்விகளைப் பதிவேற்றும் இணையக் கணக்கின் கடவுச்சொல் ஒரு தொழிலதிபர் கைக்குப் போனதைச் சுற்றித்தான். அதன் சரி தவறு வேறு விவாதம். கேள்வியைத் தட்டச்சு செய்யும் விரல் யாருடைய சம்பளத்தில் இருக்கிறது என்பது சில்லறை விஷயமல்ல என்பதற்கு இவை போதும்.

பட்டியலை இங்கேயே விட்டுவிடுகிறேன். என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது டெல்லி ஜங்புராவின் மதராசி கேம்ப். பாராபுல்லா வடிகாலை ஒட்டி, தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி. மழைநீர் தேங்குவதைக் காரணம் காட்டி டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9 அன்று அதை அகற்ற உத்தரவிட்டது. ஜூன் 1 அன்று புல்டோசர் வந்தது. சுமார் 370 வீடுகளில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 215. மாற்று வீடு நரேலாவில், நகரத்தின் மறுகோடியில். ஜங்புரா, நிஜாமுதீன் வீடுகளில் வேலை பார்த்த பெண்களுக்கும், லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கும் அது வேறு ஊர்.

இவர்களுக்காக யார் கேள்வி எழுப்பியிருக்க முடியும்? ஜங்புரா, கிழக்கு டெல்லி மக்களவைத் தொகுதியில் அடங்கியது. அதன் எம்.பி. ஹர்ஷ் மல்ஹோத்ரா மத்திய இணை அமைச்சர். அமைச்சர்கள் அவையில் பதில் சொல்பவர்கள், கேள்வி கேட்பவர்கள் அல்ல. பட்ஜெட் கூட்டத்தொடர் ஏப்ரல் 4இல் முடிந்தது, மழைக்காலத் தொடர் ஜூலை 21இல் தொடங்கியது. உத்தரவும் இடிப்பும் நடந்து முடிந்தது இடைவெளியில். சரி, ஜூலையில் தமிழ்நாட்டு எம்.பி. ஒருவர் கேட்டிருந்தால்? “மதராசி கேம்ப்பை ஏன் இடித்தீர்கள்?” என்று எழுதினால் அந்தத் தாள் திரும்பி வரவே வாய்ப்பு அதிகம். நீதிமன்றத்தின் முன் உள்ள விஷயம் விதிகளின்படி கூடாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாததும் கூடாது. குடிசை மாற்று வாரியமான டியூசிப், டெல்லி அரசினுடையது.

தேர்ந்த உதவியாளரின் மதிப்பு இங்கேதான் தெரியும். டெல்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ, மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் கீழ் வருவது அவருக்குத் தெரியும். அந்தக் கதவைத் தட்டுவார். 150 சொல்லுக்குள், பதில் தரப்பட வேண்டிய தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக. அவை அமளியில் மூழ்கினாலும் எழுத்துப் பதில் மட்டும் தாக்கலாகிவிடும். 2025 மழைக்காலத் தொடரில் அவைப் பேச்செல்லாம் கூச்சலில் கரைந்தபோது எழுத்துப் பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அமைச்சர் பெயரில் வந்த அந்தப் பதிலை வைத்து அடுத்த கேள்வி, பிறகு நீதிமன்றத்தில் ஒரு மனு என்று வழி நீளும்.

தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் எழுதுவதை மக்கள் பிரதிநிதியின் குரல் என்பதா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அமைச்சருக்குப் பதில் எழுதிக் கொடுப்பவரும் தேர்ந்தெடுக்கப்படாதவர்தான். அவருக்குப் பின்னால் ஒரு துறையே நிற்கிறது. கேட்பவர் பின்னால் ஒரே ஒரு பி.ஏ. இளைஞர்கள் இருக்கிறார்களே என்றால், சட்டமன்ற ஆய்வு அமைப்பான பிஆர்எஸ் நடத்தும் லாம்ப் திட்டத்தில் எம்.பி.யுடன் சேர்பவர்கள் ஓராண்டுக்குள், தொழில் கைவரும் நேரத்தில், விடைபெற்றுவிடுகிறார்கள். டெல்லி சட்டமன்ற ஆய்வு மையத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களை 2023இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே ஜங்புராவில் 2025 பிப்ரவரியில் சட்டமன்ற வெற்றி 675 ஓட்டில் முடிவானது. ஓட்டு எண்ண ஆளுக்குப் பஞ்சமே இல்லை, கேள்வி எழுதத்தான் ஆளில்லை.

நரேலா, வடமேற்கு டெல்லித் தொகுதியில் இருக்கிறது. போனவர்களுக்கு எம்.பி.யும் மாறிவிட்டார், எம்.எல்.ஏ.வும் மாறிவிட்டார். அந்தப் புதிய எம்.பி.யின் அலுவலகத்து பி.ஏ.வுக்கோ, இதைப் படிக்கும் தமிழ்நாட்டு எம்.பி. ஒருவரின் பி.ஏ.வுக்கோ ஒரு வரைவு: நரேலாவில் டிடிஏ வசமுள்ள வீடுகள் எத்தனை, காலியாக இருப்பவை எத்தனை, அங்கே மாற்றப்பட்ட குடும்பங்களுக்குப் பள்ளி, பேருந்து, குடிநீர் வசதி எந்த நிலையில், கடந்த மூன்றாண்டுகளில் இதற்கு ஆண்டுவாரியாகச் செலவான தொகை என்ன?