படம் வருது, கலர் வரல

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பழைய வீடியோ கேம் பெட்டியை நம் ஊர்ப் பழைய டிவியில் மாட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: படம் வருது, கலர் மட்டும் வரல. பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டி அதைப் பரணில் ஏற்றிவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவசரப்படாதீர்கள். கறுப்பு வெள்ளையில் படம் தெளிவாக நின்று ஓடுகிறதென்றால், அநேகமாகப் பெட்டியிலும் கோளாறு இல்லை, டிவியிலும் கோளாறு இல்லை.

அமெரிக்கா 1953 கடைசியில் என்டிஎஸ்சி கலர் முறைக்கு ஒப்புதல் கொடுத்தபோது, அங்கே ஏராளமான வீடுகளில் கறுப்பு வெள்ளை டிவி வந்துவிட்டது. அவற்றைக் குப்பையாக்கக் கூடாது என்பதால், வெளிச்சத்தின் அளவைப் பழையபடியே அனுப்பி, கலரை மட்டும் 3.58 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றில் ஏற்றி அதனுடன் கலந்துவிட்டார்கள். கலர் புரியாத டிவிக்கு அது இல்லாத மாதிரியே இருக்கும். ஜப்பானும் அதே முறையை எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்டர் புரூக் 1963-ல் காட்டிய பேல் முறையில், ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் கலர் அலையின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பும். நம் ஊர்ப் பேலில் அந்த அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது இந்தியா தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

ஆக, பெட்டி அனுப்புவது ஒன்று, டிவி தேடுவது வேறு. திரையில் வரையப்படும் ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் அந்தக் கலர் அலையின் சிறு துணுக்கு அடையாளமாக வரும். டிவிக்குள் இருக்கும் ஒரு சர்க்யூட் அதைச் சரிபார்க்கும். பொருந்தவில்லையென்றால் கலரையே அணைத்துவிடும். மெக்கானிக்குகள் இதைக் கலர் கில்லர் என்பார்கள். பெயர்தான் பயமாக இருக்கிறது, செய்வது நல்ல வேலை. அது இல்லாவிட்டால் படம் முழுக்கக் கலர் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருக்கும். படம் மேலும் கீழும் உருண்டால் அது வேறு விஷயம்: நம் டிவி நொடிக்கு 50 முறை திரையை வரையப் பழகியது, வந்த பெட்டி 60 முறை அனுப்புகிறது. பழைய டிவியின் பின்புறத்து வெர்ட்டிகல் ஹோல்டு திருகைக் கொஞ்சம் திருப்பினால் பல நேரம் நின்றுவிடும்.

ஒசாகாவிலிருந்து நண்பர் கொண்டுவந்த மெகா டிரைவ் கேம் பெட்டியை எங்கள் வீட்டு 21 அங்குல டிவியில் மாட்டியபோது இதேதான் நடந்தது. சென்னை ரிச்சி தெருவில் நெடுங்காலமாக டிவி பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் சொன்னேன். “படம் ஆடாம நிக்குதில்ல தம்பி? அப்ப டிவி ஒத்துக்கிச்சு. ஏவி-யில வெச்சுட்டு மெனுவுக்குள்ள கலர் சிஸ்டம்னு இருக்கும், ஆட்டோவ எடுத்துட்டு 3.58 போடுங்க” என்றார். போட்டேன். சாம்பலாகக் கிடந்த திரையில் ஆட்டத்து நாயகன் சோனிக்கின் நீலமும் புல்லின் பச்சையும் சட்டென்று ஏறின. ஏவி-க்கு மாற்றாமல் அந்த மெனுவைத் திறந்தால் சில டிவிகளில் இந்தத் தேர்வே தெரியாது. விசிடி பிளேயர் ரிமோட்டில் என்டிஎஸ்சி, பேல் என்று மாற்றும் பட்டனை அழுத்திப் பழகியவர்களுக்கு இது புதிதும் அல்ல.

மெனுவில் என்டிஎஸ்சி இல்லாத டிவி என்றால், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக எடுப்பதே எனக்குப் பிடித்த வழி. மெகா டிரைவின் முதல் மாடலில் பின்னால் இருக்கும் எட்டுக் கால் வட்ட சாக்கெட்டில் இந்த மூன்றும் தனியாகவே வருகின்றன. அதில் 3.58, 4.43 என்ற சண்டைக்கே இடமில்லை. ஐரோப்பாவில் ஸ்கார்ட் சாக்கெட் உள்ள டிவிகளில் ஜப்பான் பெட்டிகள் கலரோடு ஓடியது இதனால்தான். நம் டிவிகளில் பொதுவாக ஸ்கார்ட் கிடையாது. ஆனால் டிவிடி காலத்துப் பெரிய டிவிகள் பலவற்றில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று காம்போனன்ட் சாக்கெட்டுகள் உண்டு. இடையில் ஒரு சிறு கன்வெர்ட்டரைப் போட்டு அதில் கொடுக்கலாம்.

1983-ல் வந்த முதல் ஃபாமிகாம் கேம் பெட்டிக்கு இந்த வசதி இல்லை. அது ஆன்டெனா வழியாக மட்டுமே படம் தரும், அதுவும் 91, 97 மெகாஹெர்ட்ஸ் பக்கம். நம் ஊரில் அது எஃப்எம் ரேடியோ பாடும் இடம். டிவி ட்யூனரில் சாதாரணமாகச் சிக்காது. சிக்கினாலும் ஒலியின் இடைவெளி வேறு என்பதால் இரைச்சல்தான் கேட்கும். 1993-ல் வந்த ஏவி ஃபாமிகாமைத் தேடி வாங்குவது மேல்.

உள்ளே கிரிஸ்டலை மாற்றி, சிப்பின் காலைத் தூக்கிப் பேல் ஆக்கித் தருகிறேன் என்பவர்களிடம் பெட்டியைக் கொடுக்க எனக்கு மனம் வராது. முப்பது வருடமாக யார் கையும் படாத போர்டு அது. டிவியை மாற்றலாம், வயரை மாற்றலாம், அந்தப் போர்டைத் திரும்ப வாங்க முடியாது. ஒன்றை மட்டும் மாற்றியே ஆகவேண்டும்: அடாப்டரை. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட். அங்கிருந்து வந்த அடாப்டரை நம் 230 வோல்ட்டில் செருகினால் அதோடு சரி.

இவ்வளவு பாடு எதற்கு, ஐரோப்பாவில் விற்ற பேல் பெட்டியையே வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் 1991-ல் வந்த முதல் சோனிக் ஆட்டத்தை ஓடவிட்டுப் பாருங்கள். 60 முறைக்கு எழுதிய ஆட்டம் 50 முறைக்கு இறங்கி, ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, பாட்டும் இழுத்துப் பாடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. எழுதியவர்கள் நினைத்த வேகம் ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகளில்தான் இருக்கிறது.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கிய அந்தக் காலத்து ஃபாரின் டிவிகளில் பல, என்டிஎஸ்சி, பேல் இரண்டையும் படிக்கும் மல்டி சிஸ்டம் டிவிகள். அவை இப்போது கிலோக் கணக்கில் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், வண்டிக்காரரைக் கூப்பிடும் முன் பின்பக்க ஸ்டிக்கரில் என்டிஎஸ்சி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால், அதைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருப்பார், அவரிடம் கொடுங்கள்.